சதுர அடிக் கணக்கு மலை ஏறுவதில்லை

வீடு கட்டப்போகிறேன் என்று யாராவது சொன்னால், நம் ஊரில் உடனே வரும் கேள்வி: “சதுர அடி என்ன ரேட் பேசியிருக்கீங்க?” சேலத்திலும் ஓமலூரிலும் வாழப்பாடியிலும் இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. பொருளும் கூலியும் சேர்த்த மொத்தக் கான்ட்ராக்ட் இன்று ஏறக்குறைய 2,000 ரூபாயில் தொடங்கி, தரத்துக்கு ஏற்ப 2,500-ஐயும் தாண்டிப் போகிறது. வீட்டின் பரப்பை இந்த எண்ணால் பெருக்கினால் ஒரு தொகை வரும். நகையை எப்போது அடகு வைப்பது, வங்கியில் எவ்வளவு கேட்பது, மகள் கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடலாமா என்பதையெல்லாம் குடும்பங்கள் அந்தத் தொகையை நம்பித்தான் முடிவுசெய்கின்றன.

அதே பெருக்கல் கணக்கை ஏற்காடு ஒன்றியத்தின் நாகலூரில் போட்டால், கடைக்கால் எடுத்து முடிப்பதற்குள் கணக்கு உடைந்துவிடும். சேர்வராயன் மலையில் ஒரு வீட்டின் செலவை நிலத்தின் சரிவும், லாரி வந்து நிற்கும் இடமும், மழை விடும் மாதமும் தீர்மானிக்கின்றன. அறைகளின் அளவெல்லாம் அதற்கு அப்புறம்தான். இது காப்பித் தோட்டத்து ஓரத்தில் ஓய்வு இல்லம் கட்டும் வசதியானவருக்கும் பொருந்தும். அரசுத் திட்டத்தில் சிறு கான்கிரீட் வீட்டுக்குக் காத்திருக்கும் மலையாளி பழங்குடிக் குடும்பத்துக்கும் பொருந்தும். கணக்குத் தவறினால் முன்னவர் இன்னும் கொஞ்சம் பணம் எடுத்து வைப்பார். பின்னவரின் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுபோகும்.

நிலம் கேட்கும் முதல் செலவு

சமவெளியில் மனையின் மட்டம் பார்ப்பது அரை மணி நேர வேலை. மேஸ்திரி டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெருப்பக்கத்துக் குச்சியிலும் மறுமுனையைக் கொல்லைப்பக்கத்துக் குச்சியிலும் பிடித்துப் பார்ப்பார். நாலு அங்குலம், ஆறு அங்குலம் வித்தியாசம் இருந்தால் அதிகம். மலையில் அதே டியூபைப் பிடித்தால் மேல்முனைக்காரர் முழங்கால் மட்டத்தில் வைத்திருக்கும் தண்ணீர், கீழ்முனைக்காரரின் தலைக்கு மேலே போய்விடும். செலவுக் கணக்கு அங்கேதான் தொடங்க வேண்டும்.

30 அடி நீளம், 20 அடி அகலம் கொண்ட 600 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். நிலம் ஐந்து அடிக்கு ஓர் அடி வீதம் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மலையில் இது மிதமான சரிவு. வீட்டின் நீளவாக்கைச் சரிவின் போக்கிலேயே வைத்தால், மேல்மூலைக்கும் கீழ்மூலைக்கும் 6 அடி வித்தியாசம் வரும். தரையை மேல்மூலையின் மட்டத்துக்குக் கொண்டுவரக் கீழ்ப்பக்கம் 6 அடி உயரத்துக்கும், இரு பக்கவாட்டிலும் அந்த உயரத்திலிருந்து படிப்படியாகக் குறைந்தும் கற்கட்டு எழுப்ப வேண்டும். முகப்புப் பரப்பு மட்டும் 300 சதுர அடி. சராசரி இரண்டு அடி கனம் என்றால் 600 கன அடி கருங்கல் வேலை. எடையில் சுமார் 40 டன். மண்ணுக்குள் போகும் அடித்தளம் இதில் சேரவில்லை. உள்ளே நிரப்ப 1,800 கன அடி, அதாவது 18 யூனிட் மண் வேண்டும். அந்த வீட்டின் நான்கு வெளிச்சுவர்களையும் 9 அங்குலக் கனத்தில் 10 அடிக்கு எழுப்பினாலும் 750 கன அடிக்கு மேல் வராது. ஆக, சுவர் வேலைக்குக் கிட்டத்தட்ட சமமான ஒரு வேலை, உள்ளே ஒரு சதுர அடி இடம்கூடத் தராமல், தரைக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது.

அதே வீட்டைக் குறுக்காகத் திருப்பி, 20 அடி அகலத்தைச் சரிவின் போக்கில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 4 அடியாகக் குறையும். கற்கட்டின் முகப்பு 200 சதுர அடி. உயரம் குறைவதால் ஒன்றரை அடி கனமே போதும் என்றால் 300 கன அடி. நிரப்பும் மண் 12 யூனிட். அதே அறைகள், அதே கூரை. வீட்டைத் திருப்பி வைத்ததிலேயே கல் வேலை பாதியாகிறது. சமையலறையை இரண்டு படி கீழே இறக்கத் தயாராக இருந்தால் இன்னும் குறையும். மலையில் பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நிரப்புவதற்குப் பதில் ஜேசிபியை விட்டு மலையை வெட்டி மட்டம் செய்தால் மலிவு என்று பலர் எண்ணுகிறார்கள். வாடகைக் கணக்கில் அது மலிவாகத் தெரியும். வெட்டிய மேடு அடுத்த மழையில் சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவர் வேண்டும். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறத் துளைகள் வேண்டும். மேலே இருந்து வரும் நீரை வீட்டைச் சுற்றித் திருப்பிவிட வாய்க்கால் வேண்டும். தடுப்புச் சுவர்கள் பெரும்பாலும் விழுவது மண்ணின் பாரத்தால் மட்டுமன்று, வெளியேற வழியில்லாத தண்ணீரின் அழுத்தத்தாலும்தான். 1990-ல் தமிழக அரசு அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் ஏற்காடு வட்டம் வருவதும், இங்கே கட்டுமானத்துக்குப் புவியியல்-சுரங்கம், வேளாண் பொறியியல், வனம் ஆகிய துறைகளின் கருத்து கேட்கப்படுவதும் இந்த ஆபத்தை மனத்தில் வைத்துத்தான். அந்த நடைமுறைக்கு ஆகும் காலமும் செலவும் எஸ்டிமேட்டில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

கான்ட்ராக்டர் தரும் கொட்டேஷனை நிதானமாகப் படித்தால், பேஸ்மென்ட் உயரம் இரண்டடி அல்லது மூன்றடி வரை என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மேல் போனால் ‘எக்ஸ்ட்ரா’. சமவெளியில் யாரும் கவனிக்காத அந்த வரி, மலையில் லட்சங்களைத் தின்னும். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

இருபது வளைவுகள், நூற்று முப்பது டன்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுகள். 1820-களில் சேலம் ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இங்கே விளைந்தது கீழே இறங்குகிறது. கட்டுவதற்கு வேண்டியது மேலே ஏறுகிறது.

ஏற வேண்டிய எடை எவ்வளவு? நம் 600 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற பொதுவான அளவில் சிமெண்ட் 240 மூட்டை, அதாவது 12 டன். கம்பி இரண்டு டன்னுக்குச் சற்று மேல். 9 அங்குலச் சுவருக்குச் செங்கல் 12,000 என்றால், கல் ஒன்று மூன்று கிலோ வீதம் 36 டன். எம்-சாண்ட் பத்து, பதினொரு யூனிட். ஜல்லி எட்டு யூனிட். இரண்டும் சேர்ந்து 80 டன்னை நெருங்கும். மொத்தம் சுமார் 130 டன். கற்கட்டுக்கான கல் அக்கம்பக்கத்தில் கிடைக்காவிட்டால் இன்னும் 40 டன் கூடும். டைல்ஸ், கதவு, ஜன்னல், குழாய் எல்லாம் தனி.

இத்தனையும் டிப்பரில் ஏறி ஏற்காடு வந்து, அங்கிருந்து நாகலூர்ச் சாலைக்குத் திரும்ப வேண்டும். அத்தோடு பயணம் முடிவதில்லை. டிப்பர் நிற்கும் இடத்துக்கும் மனைக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை என்றால் சின்ன வண்டிக்கு மாற்ற வேண்டும். சின்ன வண்டியும் போகாத குக்கிராமம் என்றால் தலைச்சுமைதான். ஒரு யூனிட் எம்-சாண்ட் நாலரை டன் எடை. அதைப் பாண்டுச் சட்டியில் அள்ளி, வழுக்கும் ஏற்றத்தில் சித்தாள்கள் சுமந்து கொட்டும் கூலி, சில இடங்களில் மணலின் விலையோடு போட்டி போடும். “கடைசி நூறு மீட்டர்” என்று ஒரு தனித் தலைப்பு மலை வீட்டின் எஸ்டிமேட்டில் இருந்தே ஆக வேண்டும். அந்தத் தூரத்தை நாடா பிடித்து அளந்து, எத்தனை நடை, நடைக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும்.

எடைதான் செலவு என்று புரிந்துவிட்டால், சிக்கனத்தின் வழியும் புலப்படும். 1945-ல் இந்தியா வந்து, இமயமலையின் பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, 1963-ல் கேரளத்துக்கு இடம்பெயர்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், மலைக் கிராமத்தவர் தங்கள் காலடியில் கிடைத்த கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்துக் கட்டிய வீடுகளிலிருந்துதான் சிக்கனக் கட்டுமானத்தைக் கற்றேன் என்ற நிலைப்பாட்டில் உறுதியாக இருந்தார். செங்கற்களைக் குத்தவைத்து, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கும் முறையை இங்கே பரவலாக்கியவர் அவர். அதில் கால்வாசிச் செங்கல் மிச்சமாகும். சேலத்தில் அது 3,000 கல்லின் விலை. நாகலூரில் 3,000 கல்லின் விலையோடு, ஒன்பது டன் சுமை மலையேறாமல் போவதன் மிச்சமும் சேரும். மனையில் தோண்டிய மண்ணையே சிறிது சிமெண்ட் கலந்து அழுத்திக் கட்டிகளாக்கும் முறை புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. மண் பரிசோதனை செய்து, பொருந்துமானால் அதையும் மலைக்குக் கொண்டுவரலாம்.

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் தலைமுறைகளாக மூங்கில், மண், காட்டுப்புல் கொண்டு வீடு கட்டியவர்கள். அந்த வீடுகளுக்கு வாகன வாடகை கிடையாது. பொருள் அங்கேயே விளைந்தது. உழைப்பு உறவில் கிடைத்தது. அவர்கள் பிள்ளைகள் ஒழுகாத கூரையும் பூச்சி அண்டாத சுவரும் கேட்பது நியாயமான ஆசை. ஆனால், கான்கிரீட் வீட்டுக்கு மாறும் நொடியில் அவர்களின் வீட்டுச் செலவு முழுவதும் மலைக்குக் கீழே இருக்கும் சந்தையின் கைக்குப் போய்விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மழைக்கும் காப்பிக்கும் நடுவே

மலையில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும். வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். நடுவே கோடை மழை வந்து போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஏற்காட்டில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது; மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பாதை மூடினால் சிமெண்ட் வராது. வந்திறங்கிய சிமெண்டும் ஈரக்காற்றில் கட்டிதட்டும். மூடுபனி மாதங்களில் பூச்சு காய்வதில்லை, பெயின்ட் ஒட்டுவதில்லை.

மார்கழியில் யாரும் வீட்டு வேலை தொடங்குவதில்லை. ஆகவே தை பிறந்த பிறகு சித்திரை வரை, நாலு மாதம்தான் நிம்மதியாக வேலை நடக்கும். அதே தை, மாசி மாதங்களில்தான் காப்பிப் பழம் பறிப்பு முடிவடையும் தறுவாயில் இருக்கும். கார்த்திகையில் தொடங்கும் பறிப்புக்கு மலைவாசிகள் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். அது அவர்களின் ஆண்டு வருமானத்தில் பெரும் பங்கு. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் கூலியைக் கூட்ட வேண்டும், அல்லது கீழேயிருந்து கொத்தனாரையும் சித்தாளையும் அழைத்துவந்து தங்க இடமும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். தன் வீட்டுக்குத் தானே சித்தாளாக உழைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கும் குடும்பம், அந்த நாட்களில் தோட்டக் கூலியை இழக்கிறது. ‘சொந்த உழைப்பு’ என்று எஸ்டிமேட்டில் பூஜ்யம் போட்ட இடத்தில் உண்மையில் ஒரு தொகை இருக்கிறது.

மழை விட்ட மாதங்களுக்கு வேறொரு குறையும் உண்டு. சுனையும் கிணறும் இறங்கிவிடும். இன்று பெரும்பாலும் விற்கும் கலப்பு சிமெண்டில் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது பத்து நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். தண்ணீர் வண்டிக்குக் காசு கொடுத்து வாங்கியாவது அதைச் செய்தாக வேண்டும். அங்கே மிச்சம் பிடித்தால் கூரை விரிசலில் திரும்பக் கேட்கும்.

இரண்டு பருவங்களுக்கு இழுபடும் வேலையில் விலையும் ஒரே இடத்தில் நிற்காது. 2025 ஏப்ரலில் கனிமங்கள் உள்ள நிலங்களுக்கான புதிய வரி நடைமுறைக்கு வந்தபோது எம்-சாண்ட், ஜல்லி விலை திடீரென்று ஏறி, குவாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் வரை போய், பேச்சுவார்த்தைக்குப் பின் கொஞ்சம் இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்தது. ஆகவே மதிப்பீட்டை ரூபாயில் மட்டும் எழுதக் கூடாது. எத்தனை மூட்டை, எத்தனை யூனிட், எத்தனை கிலோ, எத்தனை ஆள் என்று அளவில் எழுதி, பக்கத்தில் அன்றைய விலையைப் போட வேண்டும். விலை மாறினாலும் அளவு மாறாது. கான்ட்ராக்டரிடம் பேச நம் கையில் ஒரு பிடி இருக்கும். வங்கிக் கடனுக்காகப் போடும் எஸ்டிமேட் ஒன்று, மேஸ்திரியோடு பேசும் எஸ்டிமேட் இன்னொன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும். எதிர்பாராச் செலவுக்கு மலையில் 15 விழுக்காடாவது ஒதுக்கிவைப்பதே விவேகம்.

அரசிடம் இருக்கும் இரண்டு கணக்குகள்

தனிமனிதர் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். அரசு?

பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் 2016-ல் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கான உதவி சமவெளியில் 1.20 லட்சம் ரூபாய் என்றும், மலை மாநிலங்களிலும் கடினமான பகுதிகளிலும் 1.30 லட்சம் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. மலைக்கும் சமவெளிக்கும் வித்தியாசம் வெறும் பத்தாயிரம் ரூபாய். தமிழ்நாட்டுக்கு 1.20 லட்சம்தான் கணக்கு. அதில் வீடு முடியாது என்பதை உணர்ந்து, கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு தந்துவந்த 50,000 ரூபாயைப் பின்னர் 1.20 லட்சமாக உயர்த்தியது பாராட்டத்தக்கது. 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம், 2030-க்குள் எட்டு லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் இலக்கோடு, 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று இன்னும் ஒரு படி மேலே போனது. 

அந்தத் தொகையைச் சதுர அடிக்கு வகுத்தால் 972 ரூபாய். சந்தையின் மொத்தக் கான்ட்ராக்ட் விலையில் இது பாதிக்கும் குறைவு. சிமெண்டையும் கம்பியையும் குறைந்த விலையில் தருவதும், குடும்பத்தின் உழைப்பும் இடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பலாம். கீழே, சாலையோரக் கிராமத்தில் அது நடக்கவும் செய்கிறது. கற்கட்டும் தலைச்சுமையும் சேர்ந்த மலைக் கிராமத்தில் அந்த இடைவெளியை நிரப்புவது கடன். பல பழங்குடிக் குடும்பங்களுக்கு வீடு கிடைப்பதும் வட்டி தொடங்குவதும் ஒரே நாளில் நடக்கின்றன.

இன்னொரு சிக்கல் தவணையில் இருக்கிறது. பேஸ்மென்ட், லிண்டல், கூரை, நிறைவு என்று வேலை முடிய முடியத்தான் பணம் வரும். முதல் கட்டத்தைக் குடும்பம் தன் கைப்பணத்தில் முடித்துக் காட்ட வேண்டும். சமவெளியில் பேஸ்மென்ட் சிறிய செலவு. மலையில் அதுதான் மிகப் பெரிய செலவு. அரசின் பணம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது வருவதில்லை.

இதில் வேதனையான விஷயம், மலைக் கணக்கு அரசுக்குத் தெரியாதது அன்று. பொதுப்பணித் துறை பள்ளிக் கட்டடமோ சுகாதார நிலையமோ கட்டும்போது, பொருள் எத்தனை கிலோமீட்டரிலிருந்து வருகிறது என்று ‘லீடு’ கணக்கிட்டுத் தனியே சேர்க்கிறது; மலைப்பகுதிக்கான கூடுதல் விகிதமும் அதன் விலைப்பட்டியலில் உண்டு. ஆக, அரசு தனக்குக் கட்டும்போது மலை ஏறும் செலவைப் போட்டுக்கொள்கிறது. ஏழைக்குக் கட்டும்போது அந்த வரியை விட்டுவிடுகிறது. 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம்-ஜன்மன் திட்டத்தில் மிகவும் நலிந்த பழங்குடியினருக்கு வீட்டுக்கு 2 லட்சம் என்று ஒன்றிய அரசே உயர்த்தித் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள். சேர்வராயன் மலையின் மலையாளிகள் அதில் இல்லை. மலை ஒன்றுதான், ஏற்றமும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மலை ஒன்றியங்களுக்குத் தனி அலகுத் தொகை வேண்டும். இதற்குப் புதிதாக ஆய்வுக் குழு எதுவும் தேவையில்லை. பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் இருக்கும் லீடு, மலைப்பகுதி விகிதம் இரண்டையும் வீட்டுத் திட்டத்துக்கும் பொருத்தினால் போதும். ஏற்காட்டுக்கு மட்டுமன்றிக் கல்வராயன், கொல்லிமலை, ஜவ்வாதுமலை, சிட்லிங் ஆகிய இடங்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவதாக, மலையில் முதல் தவணை கடைக்கால் தோண்டியதும் வர வேண்டும்; அதுவே பெரிய தவணையாகவும் இருக்க வேண்டும். சரிவைப் பொறியாளர் நேரில் அளந்து, கற்கட்டுக்கெனத் தனித் தொகை எழுத வேண்டும்.

மூன்றாவதாக, பணி ஆணை ஐப்பசி, கார்த்திகைக்குள் கைக்கு வர வேண்டும். பங்குனியில் ஆணை கொடுத்தால் வீடு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். சிமெண்டும் கம்பியும் ஒன்றிய அலுவலகத்தோடு நிற்காமல் ஊராட்சி வரை வந்து இறங்க வேண்டும்.

நான்காவதாக, ஊராட்சி அலுவலகப் பலகையில் மாதந்தோறும் அந்த ஊரில் வந்து இறங்கும் விலையை எழுதிப்போட வேண்டும்: ஒரு யூனிட் எம்-சாண்ட், ஆயிரம் செங்கல், ஒரு மூட்டை சிமெண்ட், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி. சேலத்து விலையைக் கேட்டு நாகலூரில் கனவு காண்பதைத் தடுக்க இதைவிட எளிய வழி கிடையாது. கல், அழுத்திய மண்கட்டி, வெற்றிடச் சுவர் போன்ற முறைகளையும் திட்ட வீடுகளில் அனுமதித்து, உள்ளூர் இளைஞர்களுக்கு அவற்றில் பயிற்சி தர வேண்டும்.

சொந்தப் பணத்தில் கட்டுபவர்களுக்குச் சொல்ல இருப்பது ஒன்றே: ரேட் பேசுவதற்கு முன் சரிவை அளந்து, மண்ணைத் தோண்டிப் பார்த்து, டிப்பர் நிற்கும் இடத்திலிருந்து மனை வரை ஒருமுறை கனமான சுமையோடு நடந்து பாருங்கள். எஸ்டிமேட்டின் முதல் பக்கம் அங்கே எழுதப்படட்டும். சதுர அடி கடைசிப் பக்கத்தில் வரட்டும்.

அரசுக்குச் சொல்ல வேண்டியது அதைவிடச் சுருக்கமானது. மலைவாழ் குடும்பத்துக்கு வீடு தருவதாக அறிவித்துவிட்டுச் சமவெளிக்கு ஆகும் தொகையைக் கொடுத்தால், மிச்சத் தொகையை அந்தக் குடும்பத்தின் அடுத்த சில ஆண்டு உழைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று பொருள். வீட்டுக்கான முழுச் செலவையும் முதல் நாளே ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற தொகையை ஒதுக்குவதே நேர்மை. அந்த நேர்மை வரும்வரை மலையில் நாம் திறந்துவைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பாதிச் செலவு ஏழையினுடையதாகவே இருக்கும்.